கல்லை மட்டும் எடுத்தால் போதாதா, டாக்டர்?

போன இதழில் பித்தப்பைக் கல் பற்றிய ஒரு சின்னக் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நம் வாசகர்களில் பாதிப் பேர் வயிற்றில் கல்லோடுதான் நடமாடுகிறார்களோ என்று தோன்றுகிறது. அதனால் இந்தத் தடவை பகுதி முழுக்க அதுவே. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 42 வயது. ஆவணியில் ஒரு கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த ராத்திரி, நெஞ்சுக்குழியில் ஆரம்பித்து வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது போல வலி. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வலி வலது தோள்பட்டைக்கு ஏறியது. காஸ் என்று சொல்லி வீட்டுக்காரர் சோடா வாங்கி வந்தார், மாமியார் ஓமத் தண்ணீர் கொடுத்தார். விடியும் நேரத்தில் தானாகவே நின்றுவிட்டது. அப்புறம் தீபாவளிக்கு ஒரு தடவை, போன வாரம் ஒரு தடவை. ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மி.மீ. என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் என்கிறார்கள். மூத்த மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அதுவரை தள்ளிப்போடலாமா? நடுவில் வலி வந்தால் என்ன செய்வது? – வாசகி, திண்டுக்கல்

பதில்: பெண்கள் எழுதும் கடிதம் எதை எடுத்தாலும் ஆபரேஷனைத் தள்ளிப்போட ஒரு பரீட்சையோ, கிரகப்பிரவேசமோ, நாத்தனார் வீட்டு வளைகாப்போ இருக்கிறது. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூன்று தடவை வலி வந்துவிட்டது, நடுவில் உள்ள இடைவெளியும் குறைந்துகொண்டே வருகிறது. இனி வராது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை இந்த வலி வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மறுபடியும் வரும். அது மகளின் கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி காய்ச்சலோடு வந்து, ஆம்புலன்ஸ் பிடித்து, வீங்கிப்போன பித்தப்பையை அவசரமாக எடுக்க வேண்டி வந்தால் வீடு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இப்போதே ஒரு தேதி குறித்துச் செய்துகொண்டால் இரண்டு நாள் மருத்துவமனை, ஒன்றிரண்டு வாரம் வீட்டில் ஓய்வு, அதற்கப்புறம் பரீட்சைக்கு நீங்கள்தான் டிபன் கட்டிக் கொடுக்கப்போகிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான் என் பதில்.

சரி, இந்த வலி ஏன் வருகிறது, ஏன் போகிறது? ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் கொஞ்சத்தை, 30 முதல் 50 மி.லி. வரை, பித்தப்பை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும். எண்ணெய், நெய் உள்ள சாப்பாடு சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும், உடனே பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். அப்படிச் சுருங்கும்போது உள்ளே கிடக்கும் கல் வாய்ப்பகுதியில் போய் மாட்டிக்கொள்கிறது. வீட்டுக்காரர் வாங்கி வந்த சோடாவால் பயன் இல்லை, ஆனால் பழைய கோலி சோடா பாட்டிலை நினைத்துக்கொண்டால் விஷயம் புரிந்துவிடும். கழுத்தில் கோலி அடைத்திருக்கும் வரை வலி, அது பின்னால் விழுந்துவிட்டால் வலி நின்றுவிடும். ஓமத் தண்ணீர் குடித்த நேரமும் கல் விழுந்த நேரமும் ஒன்றாக அமைந்தால் ஓமத்துக்குப் பெயர் கிடைக்கும், அவ்வளவுதான். விருந்து சாப்பிட்ட ராத்திரிகளிலேயே வருவதற்கும் இதுதான் காரணம்.

வலி வந்தால்: சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். வெந்நீர்ப் பை வைத்தால் சிலருக்கு இதமாக இருக்கும். அல்சர் மாத்திரையும் ஜெலுசிலும் இந்த வலியைத் தொடக்கூடத் தொடாது. டைக்ளோஃபினாக் வகை வலி மருந்துதான் நன்றாகக் கேட்கும், ஆனால் அல்சரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு அது ஆகாது, அதனால் உங்களுக்கு எது, எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மணி பார்த்துக்கொள்ளுங்கள், அது முக்கியம். சாதாரண வலி அரை மணியிலிருந்து நாலைந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அதையும் தாண்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, வலி முதுகுக்கு ஊடுருவிப் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பித்தப்பை அழற்சியாகவோ கணைய அழற்சியாகவோ இருக்கலாம், இரண்டுமே வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாசாரம் இல்லை. இன்னொன்று: நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாக சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு, நெஞ்சுக்குழி வலியோடு வியர்த்துக் கொட்டினாலோ மூச்சு வாங்கினாலோ, கல் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்திருந்தாலும் முதலில் ஈசிஜி எடுத்துவிடுங்கள். மாரடைப்பைக் கல் வலி என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு, கல் வலியை மாரடைப்பு என்று பயந்து ஓடி வந்தவர்களும் உண்டு. ஓடி வந்தவர்களை யாரும் திட்டப்போவதில்லை.

ஆபரேஷன் தேதி வரும் வரை பரோட்டா சால்னா, பூரி, பஜ்ஜி, பிரியாணி, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு எல்லாவற்றுக்கும் லீவு. இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், பருப்பு, காய், வேகவைத்த மீன் எல்லாம் சாப்பிடலாம். எண்ணெயை அடியோடு நிறுத்தவேண்டிய அவசியம் இல்லை, தாளிக்கிற அளவு போதும். ஒரே மூச்சில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுங்கள். விரதம் என்று நாள் முழுக்கப் பட்டினி கிடப்பதும் வேண்டாம், வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கி இன்னும் கெட்டியாகும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சாப்பாட்டுக் கட்டுப்பாடு வலி வரும் வாய்ப்பைக் குறைக்குமே தவிர, உள்ளே இருக்கும் கல்லைக் கரைக்காது.

கேள்வி: எனக்கு 61 வயது, சர்க்கரை உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் பித்தப்பையில் 14 மி.மீ. அளவில் ஒரே ஒரு கல் என்று சொன்னார்கள். ஒரு நாள்கூட வலித்ததில்லை. ஒரு டாக்டர் உடனே எடுத்துவிடுங்கள் என்கிறார், இன்னொருவர் தொடவே வேண்டாம் என்கிறார். – வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நான் இரண்டாவது டாக்டர் பக்கம். வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் கல் உள்ளவர்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால், வருடத்துக்கு 1 முதல் 4 பேருக்குத்தான் வலி ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவர்கள் கல்லோடேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆரம்பிக்கும்போதும் அநேகமாகச் சாதாரண வலியாகத்தான் ஆரம்பிக்கும், அப்போது முடிவு எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை இருந்தாலே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி மந்தமாகத் தெரியும், கிருமித் தொற்று வேகமாக முற்றும், அதனால் உங்களுக்கு ஒரு தடவை வலியோ காய்ச்சலோ வந்துவிட்டால் இரண்டாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள்.

வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்லும் சில நிலைமைகள் உண்டு. கல் 3 செ.மீ.க்கு மேல் இருப்பது, பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, கூடவே 10 மி.மீ.க்கு மேல் பாலிப் என்ற சதை வளர்ச்சி இருப்பது போன்றவை. உங்கள் ரிப்போர்ட்டில் இதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கங்கைச் சமவெளிப் பகுதியில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம், அங்குள்ள அறுவை சிகிச்சை நிபுணர்கள் இதைச் சற்று வேறு மாதிரி யோசிப்பார்கள். டெல்லியிலோ பாட்னாவிலோ உள்ள உறவினர் "எங்கள் டாக்டர் வலி இல்லாமலேயே எடுக்கச் சொன்னாரே" என்று போனில் சொன்னால் குழம்பிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு 4 மி.மீ. கற்கள் நாலைந்து. ஓரகத்திக்கு 20 மி.மீ.யில் ஒன்று. இருவருக்குமே வலி வந்திருக்கிறது. அவருக்குத்தானே அவசரம்? – வாசகி, விருதுநகர்

பதில்: கிட்டத்தட்ட நேர்மாறு. பெரிய கல் பையை விட்டு நகராது. சின்னக் கல்தான் நழுவி, பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்துக்குள் இறங்கும், இறங்கி கணையநீர் வரும் வாயை அடைக்கும். கணைய அழற்சி என்று ஐசியூவில் படுத்தவர்கள் பலருடைய ஸ்கேனில் "சின்னக் கல்தான்" இருந்திருக்கும். இருவருமே எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள்தான், ஆனால் "நமக்குச் சின்னதுதானே" என்று நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டாம்.

கேள்வி: சிறுநீரகக் கல்லைத் தண்ணீர் குடித்தே வெளியேற்றுகிறார்கள், பெரிதாக இருந்தால் வெளியிலிருந்தே உடைக்கிறார்கள். இதற்கு மட்டும் ஏன் உறுப்பையே வெட்டி எடுக்க வேண்டும்? கல்லை மட்டும் எடுத்தால் போதாதா? வாழைத்தண்டுச் சாறு ஒரு மண்டலம் குடித்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். – வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அதிகம் பேர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. இரண்டு கல்லும் வேறு வேறு. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பு, அது இருக்கும் இடம் சிறுநீர் ஓடும் பாதை, அதனால் தண்ணீர் நிறையக் குடித்தால் அடித்துக்கொண்டு வரும். பித்தப்பைக் கல் பெரும்பாலும் கொலஸ்ட்ராலோ, ரத்தச் சிவப்பணு சிதைவதால் வரும் பிலிருபின் நிறமியோ இறுகியது. நீங்கள் குடிக்கும் வாழைத்தண்டுச் சாறு குடல் வழியாக ரத்தத்துக்குப் போய் சிறுநீராகத்தான் வெளியே வருமே தவிர, பித்தப்பைக்குள் நுழைந்து கல்லைக் கழுவாது. வாழைத்தண்டு நல்ல காய், பொரியல் செய்து சாப்பிடுங்கள். கல்லுக்கு மருந்தாக நினைத்து ஒரு மண்டலத்தை வீணாக்காதீர்கள்.

கரைக்கும் மாத்திரை உண்டு, அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்று பெயர். சுண்ணாம்பு படியாத சின்னக் கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும், பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கி விரிய வேண்டும், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை விடாமல் சாப்பிட வேண்டும். இவ்வளவும் கூடி வந்து கரைந்தாலும், நிறுத்திய ஐந்து வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கல் திரும்ப வந்துவிடுகிறது. அதுவும் நம் பக்கத்தில் நிறமிக் கல் அதிகம், அதன் மேல் இந்த மாத்திரை வேலை செய்யாது. ஆபரேஷனுக்கு உடம்பு தாங்காதவர்களுக்கு யோசிக்கலாம். உடைத்தும் பார்த்தாயிற்று, 1980களில் ஜெர்மனியில் அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். உடைந்த தூள் பித்தநாளத்தில் போய் அடைத்தது, மிச்சம் இருந்தவர்களுக்குப் புதுக் கல் முளைத்தது, மெல்ல அதைக் கைவிட்டார்கள்.

பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்துவிட்டுத் தைப்பது புது யோசனை இல்லை, பழைய யோசனை. 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், கல்லும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை நிபுணர், நோயின் விளைச்சலை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம், நோயை விட்டுவிடுகிறோம் என்று வாதாடி, 1882 ஜூலையில் 16 வருடமாக வலியோடு இருந்த ஒரு 43 வயது ஆளின் பித்தப்பையை முழுசாக எடுத்தார். அவர் பிழைத்து நன்றாக ஆனார். கல்லை உண்டாக்குவது அந்தப் பை. அதை விட்டுவைத்தால் மறுபடியும் உண்டாக்கும். அதை எடுத்தால் பித்தநீர் நின்றுவிடாது, அது ஈரலில் சுரப்பது, பையில் தங்காமல் நேராகக் குடலுக்கு வரும். மனிதன் பித்தப்பை இல்லாமல் வாழலாம், இதைச் சொன்னால் நம்பாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்வி: ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ், ஆறாவது நாள் எப்சம் உப்பு, ராத்திரி ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. வாட்ஸ்ஆப்பில் வந்ததைச் செய்தேன். காலையில் பச்சை பச்சையாகக் கற்கள் வெளியே வந்தன, போட்டோ இணைத்திருக்கிறேன். ஸ்கேன் எடுத்தால் கல் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். ஸ்கேனில் தவறு இருக்குமா? – வாசகர், கோவை

பதில்: தம்பி, போட்டோவைச் சாப்பிடும் முன் பார்த்துத் தொலைத்தேன். ஸ்கேன் சரி. 2005இல் லான்செட் மருத்துவ இதழில் இதே கதை வந்தது. இப்படி வெளியே வந்த பச்சை உருண்டைகளைச் சோதித்துப் பார்த்தால் கொலஸ்ட்ரால் இல்லை, பிலிருபின் இல்லை, கால்சியம் இல்லை. குடித்த எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடலில் சேர்ந்து உருவான சோப்பு. நீங்கள் வெளியேற்றியது உங்கள் ஆலிவ் எண்ணெயைத்தான், விலையும் அதிகம். இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. கல் இருப்பவர் ஒரு டம்ளர் எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பித்தப்பை முழு பலத்தோடு சுருங்கும், சின்னக் கல் இருந்தால் நாளத்துக்குள் தள்ளிவிடும். அந்த மெசேஜை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கல் இருப்பது ஏற்கெனவே தெரியும். நாலு நாளாகக் கண் மஞ்சள், சிறுநீர் டிகாக்ஷன் நிறம், உடம்பெல்லாம் அரிப்பு, நேற்று ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ஊரில் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்து மூன்று நாள் கொடுக்கிறார்கள். பத்தியம் முடிந்ததும் டாக்டரிடம் போகலாமா? – வாசகர், அரியலூர் அருகே

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை அச்சாகி வரும் வரை காத்திருக்க முடியாது என்பதால் அன்றைக்கே போனில் பேசிவிட்டோம், அம்மா மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், கீழாநெல்லிக்குப் பெயர் கிடைத்தது அதில்தான். கல் பித்தநாளத்தை அடைத்து வரும் காமாலை வேறு ஜாதி. மலம் வெளிறிப் போகும், அரிக்கும். அதோடு வயிற்று வலியும் குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் தேங்கிய பித்தநீரில் கிருமி பெருகுகிறது என்று அர்த்தம், அது ரத்தத்தில் கலந்தால் வயதானவர்களுக்கு ஒரே நாளில் பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதற்குப் பத்தியம் பார்க்க நேரம் கிடையாது.

மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், தேவைப்பட்டால் எம்ஆர்சிபி என்ற ஸ்கேன் எடுப்பார்கள். சாதாரண அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக்குள் உள்ள கல் நன்றாகத் தெரியும், நாளத்தில் உள்ள கல் பல சமயம் தப்பிவிடும், அதற்குத்தான் இது. அப்புறம் இஆர்சிபி. வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, நாளம் குடலில் திறக்கும் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திக் கல்லை எடுப்பார்கள், சில சமயம் நாளம் அடைக்காமல் இருக்க பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைப்பார்கள். இங்கே இரண்டு விஷயத்தை எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, அந்த ஸ்டென்ட்டை மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள். மறந்துபோன ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு அதே காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். இரண்டு, இஆர்சிபி நாளத்துக் கல்லை எடுப்பதுதான். பித்தப்பை உள்ளேயே இருக்கிறது, மிச்சக் கல்லும் இருக்கிறது. காய்ச்சல் போய்விட்டதே என்று வீட்டுக்கு வந்துவிடாமல், உடம்பு தேறியதும் பித்தப்பையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐந்தாவது மாதக் கர்ப்பம். இரண்டு தடவை கல் வலி வந்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். குழந்தைக்கு ஆபத்து என்று பயமாக இருக்கிறது. – வாசகி, திருநெல்வேலி

பதில்: கர்ப்ப கால ஹார்மோன்களால் பித்தப்பை சோம்பேறியாகி, பித்தநீர் தேங்கிக் கல் உண்டாவது சகஜம்தான். ஒரே ஒரு லேசான வலி என்றால் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டு பிரசவம் வரை ஓட்டப் பார்ப்போம். திரும்பத் திரும்ப வந்தால் நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரையிலான காலம்தான் ஆபரேஷனுக்கு ஏற்றது, நீங்கள் அதில்தான் இருக்கிறீர்கள். சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே செய்வார்கள். பித்தப்பை அழற்சியும் கணைய அழற்சியும் ஆபரேஷனை விடக் குழந்தைக்கு ஆபத்தானவை. உங்கள் மகப்பேறு டாக்டரும் அறுவை நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து பேசட்டும், இந்த வாரமே. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி நீங்களாகப் போடாதீர்கள்.

கேள்வி: 29 வயது, ஐ.டி. வேலை. மூன்று மாதத்தில் 18 கிலோ குறைத்தேன், எல்லாரும் பாராட்டினார்கள், அடுத்த மாதமே கல் வலி. ஆபரேஷன் தேதி வாங்கிவிட்டேன். உள்ளே என்ன செய்வார்கள், எத்தனை நாள் லீவு, வாழ்நாள் முழுக்கப் பத்தியமா, ஜிம்முக்குப் போகலாமா? – வாசகர், சென்னை

பதில்: பாராட்டியவர்களும் கல்லுக்கு ஒரு வகையில் பொறுப்பு. அவ்வளவு வேகமாக இளைத்தால் உடம்பில் கரையும் கொழுப்பிலிருந்து கொலஸ்ட்ரால் பித்தநீரில் வந்து நிறைகிறது, கொழுப்பே இல்லாத கொலைப்பட்டினியில் பித்தப்பையும் சுருங்காமல் கிடக்கிறது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைத்தால் இந்த ஆபத்து ஏறுகிறது. இனி இளைப்பவர்கள் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொறுமையாக இளையுங்கள்.

முழு மயக்கம் கொடுப்பார்கள். தொப்புளிலும் மேல் வயிற்றிலும் மொத்தம் நான்கு சின்னத் துளை. கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி வயிற்றை உப்ப வைத்து, கேமரா வழியாகப் பார்த்து, பித்தப்பையின் குழாயையும் ரத்தக் குழாயையும் கிளிப் போட்டு வெட்டி, பையைத் தொப்புள் துளை வழியாக எடுப்பார்கள். எரிக் மூஹே என்ற ஜெர்மன் டாக்டர் 1985இல் முதன்முதலாக இப்படிச் செய்தபோது சக டாக்டர்கள் அவரைக் கேலி செய்தார்கள். 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். இப்போது மாவட்டத் தலைநகர் எதற்குப் போனாலும் செய்கிறார்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். மிக முக்கியமானது, பக்கத்தில் இருக்கும் பொதுப் பித்தநாளம் தவறுதலாக அடிபடுவது. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நேரலாம், நேர்ந்தால் பெரிய ஆபரேஷன் வரை போகும். முன்னே போய் டாக்டரைப் பார்க்கும்போது "எத்தனை செய்திருக்கிறீர்கள், சிக்கல் வந்தால் இங்கேயே கவனிக்க வசதி உண்டா" என்று கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வயிற்றைக் கொடுக்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். சிலருக்கு உள்ளே எல்லாம் ஒட்டிப் போயிருக்கும், தெளிவாகத் தெரியாது, அப்போது வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வரும். அது தோல்வி இல்லை, நல்ல சர்ஜன் எடுக்கும் நல்ல முடிவு. வலி வந்து வீங்கி அடங்கி, மறுபடி வீங்கி என்று நாளைக் கடத்தியவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

அன்று மாலையே நடக்க வைப்பார்கள். வயிற்றை விடத் தோள்பட்டை வலிக்கிறதே என்று பயப்படாதீர்கள், நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, இரண்டு மூன்று நாளில் போய்விடும். லேப்டாப் வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். சடாரென்று பிரேக் போட்டால் வயிறு வலிக்காது என்ற நிலை வந்ததும் பைக் ஓட்டலாம். கனமான எடை தூக்க நாலு வாரமாவது பொறுங்கள். பத்தியம் வாழ்நாளுக்கு இல்லை, முதல் சில வாரம் எண்ணெயைக் குறைத்து மெல்லக் கூட்டிக்கொண்டே வந்தால் போதும். சிலருக்கு சாப்பிட்டதும் வயிறு கலக்கிப் போகும், பெரும்பாலும் தானாகச் சரியாகும். மாதக்கணக்கில் நீடித்தால் அதற்கு ஒரு பவுடர் மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல், மஞ்சள் தெரிந்தாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கேள்வி: பித்தப்பையை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. நெஞ்செரிச்சலும் ஏப்பமும் வயிற்று உப்புசமும் அப்படியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, ஈரோடு

பதில்: ஆபரேஷனுக்கு முன்னால் உங்களுக்கு அந்த இறுக்கிப் பிடிக்கும் வலி வந்ததா, இல்லை இந்த ஏப்பமும் உப்புசமும் மட்டும்தான் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வலி இருந்து அது நின்றிருந்தால் ஆபரேஷன் அதன் வேலையைச் செய்துவிட்டது. ஏப்பமும் எரிச்சலும் கல் இல்லாதவர்களுக்கும் ஏராளமாக உண்டு, அவை இரைப்பை சமாசாரம், கல்லை எடுத்தால் போகும் என்று யாராவது உறுதி கொடுத்திருந்தால் அது தப்பு. எண்டோஸ்கோப்பி ஒன்று பார்த்துவிடுங்கள். பழைய மாதிரியே வலது பக்க வலி வருகிறது என்றால் மட்டும் நாளத்தில் கல் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்கேனில் கல் தெரிந்த பிறகு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தால் கிடைக்குமா? – வாசகர், மதுரை

பதில்: உடனே கிடைக்காது. பல பாலிசிகளில் பித்தப்பைக் கல்லுக்கு முதல் 2 வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. கல் இருப்பதை மறைத்து எடுத்தால் க்ளெய்ம் போகும்போது ஸ்கேன் தேதியைப் பார்த்து நிராகரிப்பார்கள். அலுவலக குரூப் பாலிசி இருந்தால் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கிடைக்கும், எச்.ஆரிடம் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் லேப்ராஸ்கோப்பி இலவசமாகவே செய்கிறார்கள், கூட்டத்துக்கும் காத்திருப்புக்கும் தயாராகப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய் அங்குள்ள காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. ஆபரேஷன் முடிந்து எடுத்த கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், மிளகு மாதிரி கறுப்பாக இருக்கின்றன. இதை லேபில் கொடுக்க வேண்டுமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: கல்லைக் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை. எடுத்த பித்தப்பையைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள், அந்த ரிப்போர்ட்தான் முக்கியம். அபூர்வமாகப் புற்றுநோய் அதில்தான் முதல் தடவையாகத் தெரியவரும், உங்கள் மகன் வயதில் அது கிட்டத்தட்ட இருக்காது, ஆனாலும் ரிப்போர்ட்டை வாங்கி ஃபைலில் வையுங்கள். எனக்கு உறுத்துவது கல்லின் நிறமும் மகனின் வயதும். இந்த வயதில் கறுப்புக் கல் என்றால் ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிச் சிதைகின்றனவா என்று பார்க்க வேண்டும், பரம்பரையாக வரும் சில ரத்தக் கோளாறுகளில் இப்படி ஆகும். சின்ன வயதில் அவனுக்கு அடிக்கடி கண் லேசாக மஞ்சளாகுமா, வீட்டில் வேறு யாருக்காவது ரத்தசோகையோ மண்ணீரல் வீக்கமோ உண்டா என்று யோசித்து வைத்துக்கொண்டு, ஒரு ரத்தநோய் நிபுணரிடம் அழைத்துப் போங்கள். அவனுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களைப் பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.